பாதிக்கப்பட்டவர் யார்? போர் ஓய்ந்த பிறகும் ஓயாத வழக்கு

1993 அக்டோபர் 23, சனிக்கிழமை. வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் நகரின் ஷாங்கில் சாலையில் இருந்த மீன்கடை ஒன்றுக்குள், பிரிட்டனிலிருந்து பிரிந்து அயர்லாந்தோடு இணையப் போரிட்ட ஐ.ஆர்.ஏ. அமைப்பைச் சேர்ந்த இருவர் குண்டோடு நுழைந்தார்கள். கடையின் மாடியில் எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவின் தலைவர்கள் கூடியிருப்பதாக அவர்களுக்குத் தகவல். அந்த நேரத்தில் மாடியில் கூட்டம் ஏதும் நடக்கவில்லை. குண்டு முன்கூட்டியே வெடித்துக் கட்டடம் சரிந்தது. ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் சிறுமிகள். குண்டைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அதே இடிபாட்டில் மாண்டார். அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில், ஐ.ஆர்.ஏ.வுக்கு நெருக்கமான ஷின் ஃபெயின் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸும் ஒருவர். அன்று இறந்தவர்கள் பத்துப் பேர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்பது பேரா, பத்துப் பேரா? இந்தக் கேள்வியில் வட அயர்லாந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டாகப் பிரிந்தே நிற்கிறது.

யாரைப் பாதிக்கப்பட்டவர் என்று சட்டம் ஏற்கிறதோ அவருக்கே ஓய்வூதியம், மனநல மருத்துவம், நினைவுச் சின்னத்தில் பெயர், அரசுக் குழுக்களில் இடம், நாளைய பாடப்புத்தகத்தில் ஒரு வரி எல்லாம் கிடைக்கும். இரண்டு நாடுகள் போரிட்டால், போர் முடிந்ததும் அவரவர் எல்லைக்குள் திரும்பி அவரவர் பிள்ளைகளுக்காக அழலாம். ஒரே ஊருக்குள் இரண்டு சமூகங்கள் வெட்டிக்கொண்டு ஓய்ந்த இடத்தில் அதற்கு வழியில்லை. கொன்றவர் வீட்டுக்கும் இழந்தவர் வீட்டுக்கும் இடையே இரண்டு தெருக்கள்தான் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே கருவூலம் பணம் தர வேண்டும். நடந்தது விடுதலைப் போரா, பயங்கரவாதமா என்ற வாதமும் தீர்ந்திருக்காது. அந்த வாதத்தை ஒத்திவைத்ததால்தான் சமாதான உடன்படிக்கையே கையெழுத்தாகியிருக்கும். ஒத்திவைத்த வாதம் பிறகு வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு வரையறை எழுத உட்காரும்போது, போரின் நியாயத்துக்கே தீர்ப்பெழுதப்படுவதாக இரண்டு தரப்பும் பதறுகின்றன.

1960களின் இறுதியிலிருந்து 1998 வரை நீண்ட வட அயர்லாந்து மோதலில் 3,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பதினைந்து லட்சம் பேர் வாழ்ந்த சிறு நிலப்பகுதிக்கு அது பெரிய இழப்பு. ஏறக்குறைய 60 விழுக்காடு கொலைகளை ஐ.ஆர்.ஏ. உள்ளிட்ட குடியரசுவாதக் குழுக்கள் செய்தன. 30 விழுக்காடு, பிரிட்டனோடு நீடிக்க விரும்பிய சமூகத்தின் ஆயுதக் குழுக்கள் செய்தவை. மீதி 10 விழுக்காடு ராணுவமும் காவல் துறையும் செய்தவை. இறந்தவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள். இந்த எண்களைத் தரப்புக்கு ஒரு விதமாக வாசிக்கிறார்கள். பெரும்பாலான கொலைகளைச் செய்தவர்கள் யார் என்று, பிரிட்டனோடு நீடிக்க விரும்பும் ஒன்றியவாதிகள் கேட்கிறார்கள். ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் சிறை சென்றார்களே, சிறை சென்ற ராணுவத்தினர் எத்தனை பேர் என்று, அயர்லாந்தோடு இணைய விரும்பும் தேசியவாதிகள் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான்.

குற்றமற்றவரை மட்டும் பாதிக்கப்பட்டவராக ஏற்றால் சிக்கல் தீர்ந்துவிடாதா? மேலோட்டமாகப் பார்த்தால் இதுவே நேர்வழியாகத் தோன்றும். ஆனால் ‘அப்பாவி’ என்ற தகுதியை வழங்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரி நகரில் குடிமை உரிமை ஊர்வலத்தில் வந்தவர்கள்மீது பிரிட்டிஷ் வான்குடைப் படையினர் சுட்டார்கள். அன்றே 13 பேர் இறந்தார்கள். காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். தலைமை நீதிபதி விட்ஜரி சில வாரங்களிலேயே விசாரணையை முடித்துப் படையினரைப் பெருமளவு விடுவித்தார். இறந்தவர்களில் சிலர் ஆயுதங்களைக் கையாண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் அறிக்கையில் எழுதிவைத்தார். அந்தக் கறை நீங்க 38 ஆண்டுகள் ஆயின. சுடப்பட்டவர்களில் எவராலும் படையினருக்கு ஆபத்து இருக்கவில்லை என்று 2010இல் சாவில் விசாரணை அறிக்கை சொன்னது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 1971 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டின் பாலிமர்ஃபி பகுதியில் கொல்லப்பட்ட பத்துப் பேர், அவர்களில் ஒரு பாதிரியாரும் பல பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண்ணும் உண்டு, முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் அறிவித்தது 2021 மே மாதத்தில். ஐம்பது ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் துப்பாக்கிதாரிகளின் குடும்பங்கள் என்ற பெயரோடு வாழ்ந்தன. ‘அப்பாவி’ சோதனை 1972இல் சட்டமாக இருந்திருந்தால் முதலில் தள்ளப்பட்டிருப்பவர்கள் இவர்கள்தான்.

சமாதான உடன்படிக்கை கையெழுத்தான 1998ஆம் ஆண்டிலேயே பாதிக்கப்பட்டவரை வரையறுக்கும் முதல் முயற்சி வெளிவந்தது. வட அயர்லாந்து அரசுப் பணியின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற சர் கென்னத் புளூம்ஃபீல்டு, பாதிக்கப்பட்டோர் பற்றிய அறிக்கையை எழுதினார். பத்தாண்டுகளுக்கு முன் அவருடைய வீட்டிலேயே ஐ.ஆர்.ஏ. குண்டு வைத்திருந்தது. அப்படியும் அவர் பரந்த மனதோடுதான் எழுதினார். ஆனாலும் அரசின் கையால் இறந்தவர்களைப் பற்றி அறிக்கை போதிய அளவு பேசவில்லை என்று அந்தக் குடும்பங்கள் குறைப்பட்டுக்கொண்டன. 2006இல், உள்ளூர்ப் பேரவை முடங்கியிருந்த நேரத்தில், லண்டனிலிருந்து ஓர் ஆணை வந்தது. மோதல் நிகழ்வு ஒன்றால் உடலோ மனமோ காயம்பட்டவர், அப்படிப்பட்டவரைத் தொடர்ந்து பராமரிப்பவர், உறவை இழந்தவர் ஆகியோர் அனைவரும் பாதிக்கப்பட்டவர்கள் அல்லது தப்பிப் பிழைத்தவர்கள் என்றது அந்த ஆணை. காயம் எப்படி ஏற்பட்டது, காயம்பட்டவர் என்ன செய்தவர் என்று அது கேட்கவில்லை. முடங்கிப்போன கணவனையோ பிள்ளையையோ முப்பது ஆண்டுகள் தூக்கிக் கழுவிய பெண்களையும் அது கணக்கில் சேர்த்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது எனக்கு வருத்தமே.

இந்த ஆணைமீது எழுந்த கோபத்தை வெறும் கட்சி அரசியல் என்று தள்ளிவிட முடியாது. உடன்படிக்கையின்படி நானூறுக்கும் மேற்பட்ட கைதிகள், கொலைத் தண்டனை பெற்றவர்கள் உட்பட, சில ஆண்டுகளுக்குள் விடுதலையானார்கள். மகனைக் கொன்றவனைக் கடைத்தெருவில் எதிரே பார்க்க நேர்ந்த தாய்மார் இருந்தார்கள். சமாதானத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது, பலர் பொறுத்தார்கள். பிறகு சட்டம் வந்து, அவனும் நீயும் ஒரே பிரிவு என்றது. அந்தத் தாய் எதிர்த்தது பழிவாங்கும் ஆசையால் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தன் பிள்ளைக்கு நடந்தது விபத்தன்று, ஒருவர் தெரிந்து செய்த செயல் என்பதை உலகம் மறக்கக் கூடாது என்று அவள் கேட்டாள்.

2009 ஜனவரியில் இந்தக் காயம் வெளிப்படையாகவே வெடித்தது. முன்னாள் பேராயர் ராபின் ஈம்ஸ், முன்னாள் பாதிரியார் டெனிஸ் பிராட்லி ஆகியோர் தலைமையிலான ஆலோசனைக் குழு கடந்த காலத்தைக் கையாள்வது பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளில் ஒன்று, மோதலில் இறந்த ஒவ்வொருவரின் நெருங்கிய உறவினருக்கும் 12,000 பவுண்டு வழங்குவது. யார் இறந்தாலும் ஒரே தொகை. பெல்ஃபாஸ்ட் விடுதியில் அறிக்கை வெளியான அரங்கிலேயே இரு தரப்பு உறவினர்கள் முகத்துக்கு முகம் நின்று கத்திக்கொண்டார்கள். சில வாரங்களில் அரசு அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. உண்மையைக் கண்டறிய அதே அறிக்கை சொன்ன நல்ல வழிமுறைகளும் அந்த 12,000 பவுண்டோடு சேர்ந்து புதைந்துபோயின. விலை ஒன்றானால் உயிர்களின் கதையும் ஒன்றாகிவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைக் குழு முன்கூட்டி உணரவில்லை.

ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைப் பல கோணங்களில் அலசியிருக்கிறார்கள். நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நீல்ஸ் கிறிஸ்டி 1986இல் ‘இலட்சியப் பாதிக்கப்பட்டவர்’ என்ற கருத்தை முன்வைத்தார். பலவீனமானவர், நல்ல காரியமாகப் போய்க்கொண்டிருந்தவர், முன்பின் தெரியாத கொடியவனால் தாக்கப்பட்டவர்: சமூகம் உடனே இரங்குவது இப்படிப்பட்டவருக்குத்தான். அரசியல் வன்முறையில் இந்த உருவத்துக்குப் பொருந்துபவர்கள் உண்டு; பொருந்தாதவர்களும் ஏராளம். எரிகா போரிஸ் ‘சிக்கலான அரசியல் பாதிக்கப்பட்டவர்’ என்று இவர்களுக்குத் தனி நூலே எழுதினார். குற்றமின்மையை அளவுகோலாக்கினால் பாதிக்கப்பட்டவர்களுக்குள்ளேயே படிநிலை உருவாகிறது என்று பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த கீரன் மெக்எவோயும் கிர்ஸ்டன் மெக்கோனகியும் 2012இல் காட்டினார்கள். ஆட்ஸ்விட்ஸிலிருந்து மீண்ட பிரீமோ லெவி, முகாமில் அதிகாரிகளுக்கு உதவி உயிர்பிழைத்த கைதிகளைப் பற்றித் தன் கடைசி நூலில் எழுதினார். அவர்களுக்குத் தீர்ப்பளிக்க அவர் தயங்கினார். அதே சமயம் கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் குழப்பிக்கொள்வதை அடியோடு மறுத்தார். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது அவருக்கு. சட்டம் எழுதுபவர்களுக்கு இன்னும் கைகூடாதது அதுதான்.

வட அயர்லாந்து இறந்தவர்களைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது உயிரோடு இருந்த காயம்பட்டவர்கள் காத்திருந்தார்கள். கால்களை இழந்தவர்கள், பார்வை போனவர்கள், முதுகுத்தண்டு முறிந்தவர்கள். 1970களில் கிடைத்த சிறு இழப்பீடு எப்போதோ தீர்ந்துவிட்டது. வேலைக்குப் போகாததால் ஓய்வூதியமும் இல்லை. இரு சமூகத்தவரும் ஒரே குழுவாகச் சேர்ந்து ஓய்வூதியம் கேட்டார்கள். தாங்கள் வைத்த குண்டிலேயே காயம்பட்ட மிகச் சிலருக்கும் அதைத் தருவதா என்ற ஒரே கேள்வியில் திட்டம் ஆண்டுக்கணக்கில் நின்றது. 2020இல் பிரிட்டிஷ் அரசு விதிகளை வெளியிட்டு, தம் செயலால் காயம்பட்டுத் தண்டனை பெற்றவர்களை விலக்கியது. 2006ஆம் ஆண்டு வரையறைக்கு இது முரண் என்று ஷின் ஃபெயின் எதிர்த்தது. திட்டத்தை நடத்தும் துறை எது என்று குறிப்பிடாமல் உள்ளூர் ஆட்சி இழுத்தடித்தது. அப்படி இழுப்பது சட்டவிரோதம் என்று அந்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே காரியம் நகர்ந்தது. 2021 ஆகஸ்டு இறுதியில் விண்ணப்பம் பெறத் தொடங்கினார்கள். அதற்குள் கேட்டவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். கொள்கையின் பெயரால் நடந்த இந்தத் தாமதத்துக்கு இரண்டு தரப்பு அரசியல்வாதிகளும் பொறுப்பு.

பிற நாடுகள் இதை வெவ்வேறு விதமாகத் தீர்க்கப் பார்த்திருக்கின்றன. பெருவில் உள்நாட்டு மோதல் பற்றி உண்மை ஆணையம் 2003இல் அறிக்கை தந்தது. கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் 69,000 பேருக்கு மேல் என்று அது மதிப்பிட்டது. அவர்களில் நால்வரில் மூவர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைப் பேசியவர்கள். அதையடுத்து 2005இல் வந்த இழப்பீட்டுச் சட்டம், கிளர்ச்சி அமைப்புகளின் உறுப்பினர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதுவதில்லை என்று எழுதியது. மறு ஆண்டே அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் வேறொரு தீர்ப்பு தந்தது. 1992இல் காஸ்ட்ரோ காஸ்ட்ரோ சிறையில் அரசுப் படைகள் கொன்ற ‘ஒளிரும் பாதை’ கிளர்ச்சி இயக்கக் கைதிகளும் உரிமை மீறலுக்கு ஆளானவர்கள், அவர்கள் பெயர்களும் லிமாவில் உள்ள ‘அழும் கண்’ நினைவிடத்தில் இடம்பெற வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நாடு கொந்தளித்தது. 2007இல் சிலர் அந்த நினைவிடத்துக்குள் புகுந்து கற்களைச் சிதைத்து நடுவில் இருந்த சிற்பத்தின்மீது சாயத்தை ஊற்றினார்கள். கொலம்பியாவின் 2011ஆம் ஆண்டுச் சட்டமும் சட்டவிரோத ஆயுதக் குழுவினரை விலக்கியது. ஆனால் சிறுவயதிலேயே குழுவிலிருந்து வெளியேறிய சிறுவர்களை ஏற்றது. அந்தப் பதிவேட்டில் 90 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், பெரும்பாலோர் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள். தென்னாப்பிரிக்காவில் விலக்கு வேறு இடத்தில் நடந்தது. அங்கே உண்மை ஆணையம் கொலை, கடத்தல், சித்திரவதை போன்ற கடும் மீறல்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 22,000 பேரைப் பட்டியலிட்டது. அவர்களுக்கு 2003இல் தலா 30,000 ராண்டு அறிவிக்கப்பட்டது. நிலத்திலிருந்து துரத்தப்பட்ட லட்சக்கணக்கானோரும், நடமாட்ட அனுமதிச் சட்டத்தால் சிறை சென்றவர்களும் எங்கே என்று மஹ்மூத் மம்தானி கேட்டார். இனஒதுக்கல் என்பதே ஒரு சட்ட ஒழுங்கு. அது அன்றாடம் செய்த கொடுமை ‘மீறல்’ என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. அவருடைய விமர்சனத்துக்கு இன்றுவரை தகுந்த மறுமொழி வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னவை அரசுகள் போட்ட கோடுகள். ஒவ்வொரு சமூகமும் தனக்குள் போடும் கோடு இன்னும் கொடியது. ஐ.ஆர்.ஏ. தன் சொந்த மக்களில் பலரை உளவாளிகள் என்று சொல்லிக் கடத்தி, விசாரித்து, சுட்டு, சாலையோரங்களில் போட்டது. அந்தக் குடும்பங்களுக்கு அண்டை வீட்டார் துக்கம் விசாரிக்கவும் வரவில்லை. உளவாளி என்ற பழி பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்தது. அவர்களை விசாரித்துக் கொன்ற பிரிவின் முக்கியப் புள்ளியே பிரிட்டிஷ் ராணுவத்தின் உளவாளியாக இருந்தார் என்பதும், அவரைக் காப்பாற்றக் கொலைகள் தடுக்கப்படாமல் விடப்பட்டன என்பதும் கெனோவா விசாரணையின் 2024ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கையில் வெளிவந்தன. அரசும் குடியரசுவாதத் தலைமையும் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. இரண்டு தரப்பாலும் கைவிடப்பட்ட இந்த இறந்தவர்களை எந்தச் சுவரோவியத்திலும் காண முடியாது.

ஈழத்தை அறிந்த தமிழருக்கு இது புதிதாக இராது. துரோகி என்ற பட்டத்தோடு கொல்லப்பட்டவர்களுக்கு நம்மிடையே விளக்கேற்றியவர்கள் எத்தனை பேர்? மாற்று இயக்கத்தவர், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், அதே ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் கொல்லப்பட்டவர்கள் ஆகியோரின் இழப்பைத் தமிழ்ப் பொதுவெளி தயங்கித் தயங்கியே பேசுகிறது. இலங்கை அரசின் கோடோ ஆயுதப் பலத்தோடு போடப்பட்டது. மாவீரர் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்தில் 2011இல் படைத் தலைமையகம் எழுந்தது. இருமுறை ஆயுதக் கிளர்ச்சி செய்த ஜே.வி.பி. தன் இறந்தவர்களை ஒவ்வொரு நவம்பரிலும் வெளிப்படையாக நினைவுகூர்ந்தபோது, அதே மாதம் 27ஆம் தேதி விளக்கேற்ற முயன்ற பெற்றோர் நீதிமன்றத் தடைகளையும் காவலர்களையும் எதிர்கொண்டார்கள். இறுதிக்கட்டப் போரில் புலிகள் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றதை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது. அப்படிப் பிடித்துச் செல்லப்பட்டு, சீருடையோடு இறந்த பதினாறு வயதுப் பெண்ணை எந்தப் பட்டியலில் எழுதுவது? 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரில் பலர், ராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் போராளிகளும் உண்டு. குற்றமின்மைதான் அளவுகோல் என்றால் அந்தத் தாய்மாருக்குக் கேள்வி கேட்கும் உரிமையே இல்லாமல் போகும்.

வட அயர்லாந்தில் ஒரே ஒரு பட்டியல்மீது மட்டும் யாரும் சண்டையிடுவதில்லை. ஆயுதக் குழுக்கள் கொன்று ரகசியமாகப் புதைத்தவர்களின் எச்சங்களைத் தேட 1999இல் பிரிட்டிஷ், அயர்லாந்து அரசுகள் இரண்டும் ஓர் ஆணையம் அமைத்தன. அதற்குத் தரும் தகவலை நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது. தகவல் தருபவர் பெயரும் வெளிவராது. பட்டியலில் உள்ள 17 பேரில் பத்துப் பிள்ளைகளின் விதவைத் தாய் ஒருவர் இருக்கிறார். ஐ.ஆர்.ஏ.வின் உறுப்பினர்களாக இருந்தும் அதனாலேயே கொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவரும் இருக்கிறார். 13 பேரின் எச்சங்கள் கிடைத்துவிட்டன. மற்றவர்களுக்காகச் சதுப்பு நிலங்களில் தேடுகிறார்கள். இவர்களில் யார் அப்பாவி என்று எவரும் கேட்பதில்லை. உடலைத் திரும்பக் கேட்கும் உரிமைக்கு நடத்தைச் சான்றிதழ் தேவையில்லை என்பதை அங்கே எல்லோரும் எப்படியோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அந்த ஒப்புதலில்தான் வழி இருப்பதாக நான் நினைக்கிறேன். உரிமைகள் எல்லாவற்றையும் ஒரே வரையறைக்குள் கட்டிப்போட்டதால் வந்த சிக்கல் இது. உடல், உண்மை, விசாரணை, மருத்துவம் ஆகியவை கேட்பவரின் குணத்தைப் பார்த்துத் தரப்படுபவையாக இருக்க முடியாது. பணமும் பொது மரியாதையும் வேறு. அங்கே நடத்தையைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995இலேயே இதைச் செய்து காட்டியது. 1988 மார்ச்சில் ஜிப்ரால்டரில் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் ஐ.ஆர்.ஏ. உறுப்பினர் மூவரை ஆயுதமற்ற நிலையில் சுட்டுக் கொன்றார்கள். வாழும் உரிமை மீறப்பட்டது என்று பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த மூவரும் குண்டு வைக்கும் திட்டத்தோடு வந்தவர்கள் என்பதால் இழப்பீடு தர மறுத்தது. பிரிட்டிஷ் அரசு அந்தத் தீர்ப்பைக் கடுமையாகச் சாடியது. எனக்கு அது இந்தத் துறையில் எழுதப்பட்ட மிக நேர்மையான தீர்ப்புகளில் ஒன்றாகப் படுகிறது.

பரந்த வரையறைக்கும் ஓர் ஆபத்து உண்டு. எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள், எல்லோரும் துன்பப்பட்டோம், இனி விட்டுவிடுவோம் என்ற பேச்சு செய்தவனுக்கு ஒளிய இடம் தருகிறது. அந்தப் பேச்சை அதிகம் விரும்புபவை கொலை செய்த அரசுகளும் கொலை செய்த அமைப்புகளுமே. பிரிட்டன் 2023இல் கொண்டுவந்த சட்டம் நல்லிணக்கம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு, உடன்படிக்கைக்கு முந்தைய கொலைகளுக்கு நிபந்தனையோடு கூடிய மன்னிப்பை அறிவித்தது. நடந்துகொண்டிருந்த மரண விசாரணைகளையும் புதிய உரிமையியல் வழக்குகளையும் நிறுத்தியது. ஒன்றியவாதிகளும் தேசியவாதிகளும், ஐ.ஆர்.ஏ.வால் இழந்தவர்களும் ராணுவத்தால் இழந்தவர்களும் ஒன்றாக நின்று எதிர்த்த அரிய சட்டம் அது. 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பு மனித உரிமைச் சாசனத்துக்கு முரணானது என்றது. பாதிக்கப்பட்டவர் யார் என்பதில் முப்பது ஆண்டுகள் மோதிக்கொண்டவர்கள், குற்றம் செய்தவர் யார் என்ற கேள்வியை மூடக் கூடாது என்பதில் ஒரே குரலில் பேசினார்கள்.

ஆகவே இனி இப்படிச் சட்டம் எழுதும் நாடுகள் இரண்டு ஏடுகளைத் திறக்க வேண்டும். ஒன்றில் துன்பத்துக்கு ஆளான அனைவரும், எந்தக் கேள்வியும் இன்றி. மற்றதில் யார், யாருக்கு, என்ன செய்தார் என்பது, எந்தச் சலுகையும் இன்றி. ஒருவர் பெயர் இரண்டிலும் வரலாம். முதல் ஏட்டில் பெயர் இருப்பது இரண்டாவதிலிருந்து விடுதலை தராது. இரண்டாவதில் இருப்பதால் முதலாவதிலிருந்து நீக்கவும் கூடாது. இதைச் செய்ய அதிக காலம் இல்லை. 1972இல் இருபது வயதில் விதவையானவர்களுக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது.